சதுப்பு மலையில் இருவர் ஓட்டம்

ஓட்டப் பந்தயம் என்றதும் உங்கள் மனக்கண் முன் எழுவது யாது? சுண்ணாம்புக் கோடு இழுத்த திடலும் கைதட்டும் கூட்டமுமே அல்லவா! ஆனால் வாசகர்களே, கோடும் இல்லை, பாதையும் இல்லை, பார்ப்பாரும் இல்லை என்ற நிலையில் நடைபெறும் பந்தயம் ஒன்று உண்டு. வட இங்கிலாந்தின் மலைகளை அங்குள்ளோர் ‘ஃபெல்’ என்பர். அவற்றின் மீது ஓடுவதே ஃபெல் ஓட்டம்.

அம்மலைகளின் மேட்டு நிலம் பல இடங்களில் சதுப்பாகும். ஸ்பேக்னம் என்னும் பாசி தன் எடையைப் போல் பன்மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது மடிந்தும் முற்றிலும் மக்கிப் போகாமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் கரிய மண்ணாகப் படிகிறது. ஓர் ஆள் உயரப் படிவு உருவாக எத்தனை நூற்றாண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்! இலையுதிர் காலத்தில் மேற்புறப் புல் வைக்கோல் நிறம் கொண்டு, பார்வைக்கு உறுதியான தரையெனவே தோன்றும். காலை வைத்தாலோ முழங்கால் வரை உள்ளே போகும். ஆதலின் பழகிய ஓட்டக்காரர், பச்சைப் பசேலென்று மின்னும் பாசியை விலக்கி, புற்குத்துகளின் மீது மிதித்துத் தாவிச் செல்வர்.

இவ்வகைப் போட்டிகளுள் புகழ்பெற்றது 1968-ல் தொடங்கிய மலை மாரத்தான். பெரும்பாலும் அக்டோபர் இறுதியில் இரண்டு நாட்கள் நடத்தப்பட்டு வந்தது. இருவர் இருவராகவே ஓட வேண்டும். கூடாரம், உறக்கப் பை, உணவு, மழையுடை ஆகிய அனைத்தையும் தம் முதுகிலேயே சுமக்க வேண்டும். குறிப்பிட்ட இடங்களைத் தொட்டு வரவேண்டும் என்பதே கட்டளை. வழியை வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு அவர்களே தேர்ந்துகொள்வர்.

ஏன் இருவர்? இங்கேதான் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஓடும் வரை உடலில் வெப்பம் உண்டு. கணுக்கால் சுளுக்கி அமர்ந்துவிட்டால், நனைந்த உடையின் மீது வீசும் காற்று அவ்வெப்பத்தை விரைந்து பறித்துவிடும். முதலில் நடுக்கம், பின்னர் நாக்குழறல், பின்னர் அறிவு மயக்கம். தான் ஆபத்தில் இருப்பதையே அம்மனிதர் உணரமாட்டார்! உடன் வருபவர்தாம் அதனைக் கண்டுகொள்ள முடியும். துணைவர் பேச்சில் தடுமாற்றம் கண்டால், வெற்றியை மறந்து கூடாரத்தை விரிப்பவரே நல்ல ஓட்டக்காரர்.

2008 அக்டோபர் 25 அன்று இப்பந்தயம் பாரோடேல் பள்ளத்தாக்கில் நடந்தது. இங்கிலாந்திலேயே மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்றான சீத்வெயிட் அங்குதான் உள்ளது. ஏறத்தாழ 2,500 பேர் புறப்பட்டனர். கடும்புயல் வீசியது, ஓடைகள் ஆறுகளாயின, சாலை மூழ்கியது. பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் காணவில்லை என்று செய்தி பரவியதும் நாடே கலங்கிற்று. அவர்கள் வீட்டாரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஆனால் பலர் தம் கூடாரங்களிலும், இன்னும் பலர் பண்ணைக் கொட்டகைகளிலும், ஹானிஸ்டர் கற்பலகைச் சுரங்கத்திலும் ஒதுங்கியிருந்தனர். இறையருளால் ஓர் உயிரும் போகவில்லை. முதுகில் சுமந்த அந்தக் கூடாரங்களே பலரைக் காத்தன.

ஃபெல் ஓட்டங்களில் கண்டிப்பான விதியொன்று உண்டு. இடையில் விலகுவோர் முடிவிடத்துக்கு வந்து பெயரைச் சொல்லியே தீரவேண்டும். சொல்லாமல் வீடு திரும்பிச் சூடாகத் தேநீர் அருந்துபவரைத் தேடி, ஊதியம் பெறாத மீட்புத் தொண்டர்கள் இரவெல்லாம் சதுப்பில் அலைய நேரிடும்.

இக்களத்தின் பெருமகன் ஜாஸ் நெய்லர், வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்தவர். இளமையிலேயே முதுகில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஓடிக் கடந்தார். 2024-ல் காலமாகும் வரை மக்கள் அவரை மேய்ப்பராகவும் ஓட்டக்காரராகவும் சேர்த்தே மதித்தனர். ஆடு தேடி அலைந்த மலைதானே அவருக்கு ஓட்டக் களமும்!