'நீங்க யாரு, தம்பி?' என்று கேட்டால் தப்பா?

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது. எங்கள் தெருப் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை செல்போனும் கையுமாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், தாய்மார்கள் நாலைந்து பேர் கூடி ஒரு கோடை வகுப்புக்கு ஏற்பாடு செய்தோம். அரக்கோணம் ரயில் ஊர் அல்லவா? எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பிள்ளைகள் பொறுப்பு முழுக்க எங்கள் தலையில்தான்.

ஓவியத்துக்கு எதிர்வீட்டுப் பெண் கிடைத்தாள். சிலம்பத்துக்கு ஓர் இளைஞர் தாமாகவே வந்தார். "காசு வேணாம்க்கா, சேவையா செய்யறேன்" என்றார். அந்தப் பணிவில் மயங்கிவிட்டோம். எந்த ஊர், முன்பு எங்கே சொல்லிக் கொடுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மொட்டை மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்!

புளி வாங்கினால்கூடக் கொட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் நாம். வீட்டு வேலைக்கு ஒருவர் வந்தால் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறது?

பத்தாம் நாள் இரவு, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே என் ஒன்பது வயது மகன் சொன்னான்: "அம்மா, நாளைக்கு சார் எனக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறாராம். யாரும் வர்றதுக்கு முன்னாடியே வரச் சொன்னார். உங்கிட்ட சொல்ல வேணாம்னார்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் அவர் வந்ததும், "தம்பி, ஆதார் நகல் ஒண்ணு கொடுங்க. முன்னே சொல்லிக் கொடுத்த இடத்து நம்பரும் வேணும்" என்றேன். "நாளைக்குக் கொண்டு வர்றேன்க்கா" என்று போனவர் திரும்பி வரவேயில்லை. கெட்ட எண்ணத்தோடு வந்தாரா, இல்லை நான் கேட்டதில் ரோஷப்பட்டுப் போனாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமியாருக்கு என்மேல் வருத்தம். "நல்லது செய்ய வந்த பிள்ளையைச் சந்தேகப்பட்டு விரட்டிட்டியே" என்றார். அதைவிட என்னை உலுக்கியது மகன் கேட்டதுதான். "நான் சொன்னதாலதான் சார் வரலையாம்மா?" அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "நீ சொன்னது ரொம்ப நல்ல காரியம்டா கண்ணா" என்று மூன்று முறை சொன்னேன்.

கிருஷ்ணகிரியில் நடந்தது

நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், 2024 ஆகஸ்டில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் இரவு அங்கேயே தங்கினார்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தி, பயிற்சியாளராக வந்தவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக வழக்கு பதிவாயிற்று. விசாரித்தால், அவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை, முகாமே போலி! இதைவிடக் கொடுமை, பிள்ளை சொன்ன பிறகும் விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கப் பார்த்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

'இந்த ஆளை நீங்கள்தான் அனுப்பினீர்களா?' என்று என்.சி.சி. அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டிருந்தால்? நினைத்தால் வயிறு எரிகிறது.

மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள். பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவேயில்லை.

சட்டம் நம் பக்கம்

2012-ல் வந்த போக்சோ சட்டத்துக்கு 2020-ல் புது விதிகள் வகுத்தார்கள். பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் என்று பிள்ளைகளோடு பழகும் எந்த நிறுவனமும், தன் பணியாளர்களைப் பற்றிக் காவல்துறை மூலம் அவ்வப்போது விசாரித்தாக வேண்டும். நம் தெரு வகுப்பு நிறுவனமா இல்லையா என்ற வக்கீல் வாதம் நமக்கெதற்கு? பிள்ளை எங்கிருந்தாலும் பிள்ளைதானே!

நாங்கள் இப்போது செய்வது

* வருகிறவரின் போட்டோ, முகவரி, ஆதார் நகல் வாங்கி ஒரு நோட்டில் வைக்கிறோம். முன்பு வேலை செய்த இரண்டு இடங்களுக்கு நாங்களே பேசுகிறோம். "உங்க பிள்ளைங்களை மறுபடி இவர்கிட்ட விடுவீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும்; பதிலில் தயக்கம் இருந்தால் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் சோஹாம் என்ற ஊரில் 2002-ல் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவன், அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளன். வேறு ஊரில் அவன்மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. ஆனால் வேலை கொடுத்தவர்களுக்கு அது எட்டவேயில்லை.

* ஓர் அமைப்பின் பெயரைச் சொன்னால், அந்த அமைப்பிடமே நேரில் கேட்கிறோம்.

* தமிழ்நாடு காவல்துறை இணையதளம் வழியே நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழ் பழைய வழக்கைத்தான் காட்டும், பிடிபடாதவனைக் காட்டாது. ஆகவே அதோடு நின்றுவிடக் கூடாது.

* வகுப்பு நடக்கும்போது தாய்மார் இருவர் கட்டாயம் அங்கேயே இருப்போம். தனி வகுப்பு கிடையாது. பிள்ளைக்கு நேரடியாக போன், மெசேஜ் கிடையாது.

* 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

தவறு நடந்ததாகத் தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். அது குற்றம், நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 1098-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சரி, இப்படியெல்லாம் கேட்டால் நல்லவர்கள் வருவார்களா? போன மாதம் கணக்குச் சொல்லித்தர ஒரு ரயில்வே பெரியவர் வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். பையிலிருந்து ஓய்வூதிய அட்டை, ஆதார் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, "எனக்கும் பேத்தி இருக்காம்மா. நீங்க கேக்கலைன்னாத்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் எழுந்து போய், அவருக்குக் காபி கலந்து கொண்டுவந்தார். நோட்டில் அவர் பெயரை எழுதச் சொன்னதும் மாமியார்தான்!