வெயிலுக்கு ஒளியும் உயிர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரைத் தாண்டி மேற்கே போனால் அரிசோனா-சொனோரா டெசர்ட் மியூசியம் வரும். பெயர்தான் மியூசியம், இருப்பதெல்லாம் உயிருள்ளவை. 1952-ல் திறந்த இந்தப் பூங்காவில் யானையும் கிடையாது, ஒட்டகச்சிவிங்கியும் கிடையாது. சொனோரா பாலைவனமும் அதை ஒட்டிய நிலமும் கடலும் வளர்த்த உயிர்களுக்கே இங்கே இடம்.

கோடையில் மதியம் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வேலிக்கு வேலி எட்டிப் பார்த்தாலும் பாறை இடுக்கில் ஒரு வால் நுனி தெரிந்தால் அதிர்ஷ்டம். டிக்கெட் காசு வீண் என்று முணுமுணுக்க வேண்டாம். பாலைவனம் நண்பகலில் அப்படித்தான் இருக்கும். அங்குள்ள விலங்குகளில் பெரும்பாலானவை வெயிலைத் தாங்கப் பழகியவை என்பதைவிட, வெயிலில் தலைகாட்டாமல் இருக்கப் பழகியவை என்பதே சரி.

கங்காரு எலியைப் பாருங்கள். பகல் முழுக்க வளைக்குள் கிடந்து, இருட்டிய பிறகே விதை பொறுக்க வரும். தண்ணீரே குடிக்காமல் காலம் தள்ளிவிடும். தின்ற உலர்விதை உடலுக்குள் ஆற்றலாக மாறும்போது கொஞ்சம் நீரும் உண்டாகிறது. நம் உடம்பிலும் இது நடக்கிறது, ஆனால் நமக்கு அது போதாது. எலியோ அந்தச் சொற்ப நீரையும் விடுவதில்லை. மூக்கின் உட்புறம் குளிர்ந்திருப்பதால், வெளியேறும் மூச்சிலுள்ள ஈரம் அங்கேயே படிந்துவிடுகிறது. சிறுநீரும் மிகக் கெட்டியாகத்தான் போகும்.

ஸ்பேட்ஃபுட் தவளை இன்னும் பிடிவாதக்காரர். வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் வாசம். கோடை மழை இறங்கும்போது எழும் அதிர்வில் விழித்து மேலே வரும். மழைக்குட்டை வற்றுவதற்குள் முட்டையிட்டு, சுமார் 10 நாளில் தலைப்பிரட்டைகள் தவளையாகிவிட வேண்டும்.

எனக்கு இங்கே நாயகன், ஹீலா மான்ஸ்டர் என்ற பல்லிதான். அரை மீட்டர் நீளம். கருப்பும் இளஞ்சிவப்புமாக, மேலெல்லாம் பாசிமணி கோத்தது போன்ற தோல். வாழ்நாளில் 90 சதவீதத்துக்கு மேல் வளைக்குள்ளேயே போகிறது. பறவை முட்டை, முயல்குட்டி என்று கிடைக்கும்போது வயிறு புடைக்கத் தின்று, கொழுப்பை வாலில் சேர்த்துக்கொள்ளும். தண்ணீருக்குச் சேமிப்புத் தொட்டி அதன் சிறுநீர்ப்பைதான். வறட்சியில் அங்கிருந்து நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

இதற்கு விஷமும் உண்டு. பாம்பைப் போல மேல்தாடையில் இல்லை, கீழ்த்தாடையில். கடித்தால் விடாமல் மென்றுதான் விஷத்தை ஏற்றும். அந்த விஷத்தில்தான் அமெரிக்க மருத்துவர் ஜான் எங் எக்ஸென்டின்-4 என்ற பொருளைக் கண்டுபிடித்து 1992-ல் அறிவித்தார். சாப்பிட்டதும் இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் நம் குடலில் சுரக்கிறது. ஆனால் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். எக்ஸென்டின்-4 அதே வேலையைச் செய்கிறது, மணிக்கணக்கில் நிலைக்கிறது. அதைச் செயற்கையாக உருவாக்கிய எக்ஸெனடைட் ஊசிக்கு, 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் பரபரப்பாகப் பேசப்படும் ஊசி மருந்துகளின் வரிசையில் முதலில் சந்தைக்கு வந்தது அதுதான்.

விஷப்பல்லி என்று கண்டவர்கள் அடித்துக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. அரிசோனா 1952-லேயே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. மருந்தின் கதை அதற்கு 40 ஆண்டுகள் கழித்துத்தான்.