நஞ்சின் வடிவும் நஞ்சு முறிப்பும்



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. படையின் நடுக்கம் ஒருபுறமிருக்க, நம் நாட்டிலே பாம்புக்கு உண்மையாக அஞ்சவேண்டியவர்கள் வயலில் வரம்பு கட்டுவோரும், தோட்டத்திற் புல் பிடுங்குவோரும், நிலத்திற் பாய் விரித்துத் துயில்வோருமேயாவர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பெற்ற ஆய்வொன்று, ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுள் 400 பேருக்கு மேல் உயிரிழக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 81,000 தொடக்கம் 138,000 வரையானோர் இதனால் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மடிவோருட் பெரும்பாலோர் ஏழைக் கமக்காரர். ஆகையால் அவர்தம் துன்பம் ஆய்வுகூடங்களின் கவனத்தை நெடுங்காலம் ஈர்க்கவில்லை. 2017ஆம் ஆண்டிலேதான் அந்நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட அயனமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது.

இத்தகைய இடருக்கு மருந்து தேடும் முயற்சியிலே, 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு முக்கியமான செய்தி வெளியாயிற்று. அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேக்கர் என்னும் விஞ்ஞானியின் குழுவினரும், டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் பிறருடன் சேர்ந்து, இயற்கையில் எங்குமே இல்லாத சில புரதங்களைக் கணினியிலே வரைந்து, பின்னர் ஆய்வுகூடத்திலே ஆக்கி, அவற்றைக் கொண்டு நாகபாம்பு இனத்தின் நஞ்சுகள் சிலவற்றை முறித்துக் காட்டினர். இஃது எவ்வாறு கைகூடிற்று? இரசாயனம், பௌதிகம், உயிரியல், மருத்துவம் ஆகிய துறைகள் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவு இதன் பின்னே நிற்கின்றது. அதனை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிலே புரதம் என்பது யாதெனப் பார்ப்போம். பருப்பிலும் முட்டையிலும் உள்ள ஓர் உணவுச் சத்து என்றே நம்மிற் பலர் அதனை அறிவர். ஆனால், நம் உடலில் நடைபெறும் வேலைகளுட் பெரும்பாலானவற்றைச் செய்து முடிப்பவை புரதங்களே. உணவைச் செரிக்கச் செய்வன, குருதியிலே பிராணவாயுவைச் சுமப்பன, தசையைச் சுருக்குவன, நோய்க்கிருமியை எதிர்ப்பன யாவும் புரதங்கள். இருபது நிற மணிகளை விரும்பிய ஒழுங்கிலே கோத்த ஒரு நீண்ட மாலையை மனத்திற் கொள்ளுங்கள். அம்மணிகளை அமினோ அமிலங்கள் என்பர். மணிகளின் ஒழுங்கு மாறினால் புரதமும் மாறும்.

ஆயினும் மாலை மாலையாகவே கிடப்பதில்லை. பனையோலையைச் சார்ந்து இழைத்தால் அது பெட்டியாகவோ கடகமாகவோ உருப்பெற்று, அவ்வுருவுக்குரிய பயனைத் தருவது போல, இந்த மாலையும் தானாகவே மடிந்து சுருண்டு ஒரு திட்டமான வடிவத்தை அடைகின்றது. அந்த வடிவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கின்றது. பூட்டுக்கு ஏற்ற திறப்பு எப்படி உள்ளே பொருந்துகின்றதோ, அப்படியே ஒரு புரதம் தனக்கேற்ற மற்றொரு மூலக்கூறோடு பொருந்தித் தன் வேலையைச் செய்கின்றது.

பாம்பின் நஞ்சும் பெரும்பாலும் புரதமே. நாகத்தின் நஞ்சிலே மூன்று விரல்களை நீட்டிய கை போன்ற வடிவுடைய சிறு புரதங்கள் உள்ளன. அவற்றை விஞ்ஞானிகள் மூவிரல் நஞ்சுகள் என்றே அழைக்கின்றனர். நம் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது, ஒருவகை இரசாயனப் பொருள் நரம்பின் முனையிலிருந்து வெளிப்பட்டு, தசையின்மேல் உள்ள ஒரு பூட்டிலே திறப்புப் போலப் பொருந்துகின்றது. உடனே தசை சுருங்குகின்றது. மூவிரல் நஞ்சோ அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கின்றது. கட்டளை வருகின்றது, ஆனால், கதவு திறப்பதில்லை. முதலிலே கண்ணிமைகள் தாழ்கின்றன, பேச்சுக் குழறுகின்றது, ஈற்றில் மூச்சு விடும் தசைகளும் ஓய்கின்றன. கடியுண்டவர் மாள்வது இவ்வாறுதான்.

பூட்டை அடைக்கும் பொருளின் வடிவம் தெரிந்தால், அதனை இறுகப் பற்றிக்கொள்ளும் வேறொரு பொருளை ஆக்கலாம் அல்லவா? ஆம். ஆனால், கண்ணுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் எட்டாத அவ்வடிவத்தை அறிவது எங்ஙனம்? இங்கேதான் பல தலைமுறை விஞ்ஞானிகளின் பொறுமை தெரிகின்றது.

கேம்பிரிட்ஜிலே மாக்ஸ் பெரூட்ஸ் என்பார், குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் புரதத்தைப் பளிங்குருவாக்கி, அதனூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் பாங்கினின்றும் அதன் வடிவத்தைக் கணிக்க 1937ஆம் ஆண்டிலே முனைந்தார். அதன் உருவம் அவருக்குத் தெளிவானது 1959ஆம் ஆண்டிலேதான். ஒரே ஒரு புரதத்துக்காக இருபத்திரண்டு ஆண்டுகள்! அவருக்கும், மயோகுளோபின் என்னும் புரதத்தின் வடிவத்தைக் கண்ட அவருடைய தோழர் ஜோன் கென்ட்ரூவுக்கும் 1962ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும். புரத மாலையின் ஒவ்வொரு மூட்டும் இரண்டு கோணங்களிலே திரும்பக்கூடியது. எனினும், அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூடாதாகையால் எல்லாக் கோணங்களும் இயலா. எவை இயலும், எவை இயலா என்பதை அவர்கள் கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தனர். இராமச்சந்திரன் வரைபடம் என அவர் பெயராலேயே வழங்கும் அப்படம், புதிதாகக் காணப்படும் புரத வடிவம் சரியானதுதானா என்று சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

அமெரிக்கரான கிறிஸ்தியன் அன்பின்சன் மற்றோர் உண்மையைக் கண்டார். ஒரு புரதத்தை இரசாயனப் பொருள்களால் முற்றாகக் குலைத்து, பின்பு அப்பொருள்களை நீக்கிவிட்டால், அது மீண்டும் தானே பழைய வடிவத்தை அடைந்து முன்போல் வேலை செய்வதைக் காட்டினார். பிரித்த கடகம் தன்னைத் தானே மறுபடி இழைத்துக்கொண்டாற் போன்றது இது. ஆகவே, எவ்வாறு மடிய வேண்டும் என்ற செய்தி மணிகளின் ஒழுங்கிலேயே அடங்கியிருக்க வேண்டும். இதற்காக அவர் 1972ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அன்று முதல், மணிகளின் ஒழுங்கை மட்டும் வைத்துக்கொண்டு வடிவத்தை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்ற வினா விஞ்ஞானிகளை விடாது தொடர்ந்தது. இயலக்கூடிய மடிப்புக்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதற்குப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது.

இதனிடையே, 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஒரு பொதுச் சேமிப்பகம் தொடங்கப்பெற்றது. புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தவர் எவராயினும் தம் அளவீடுகளை அங்கே ஒப்படைப்பர். வேண்டுபவர் எவராயினும் விலையின்றி எடுத்துக்கொள்வர். தொடக்கத்தில் அதில் இருந்தவை ஏழு வடிவங்களே. அரை நூற்றாண்டிலே அவை ஒன்றரை இலட்சத்துக்கும் மேலாகப் பெருகின.

இலண்டனிலுள்ள டீப்மைன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோரின் குழுவினர் இச்சேமிப்பைக் கொண்டே கணினிக்குப் பயிற்சி அளித்தனர். ஆயிரமாயிரம் மாதிரிக் கணக்குகளைச் செய்து பழகிய மாணவன் புதுக் கணக்கையும் செய்யத் துணிவது போல, அவர்களின் அல்ஃபாஃபோல்ட் என்னும் செயன்முறை, 2020ஆம் ஆண்டு நடந்த சருவதேசப் போட்டியொன்றில் பல புரதங்களின் வடிவத்தை ஆய்வுகூட முடிவுகளுக்கு மிக அணித்தாகச் சொல்லிற்று. 2022ஆம் ஆண்டில் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் உத்தேச வடிவங்கள் யாவரும் பெறுமாறு வெளியிடப்பட்டன. டேவிட் பேக்கரோ மறுபுறத்திலிருந்து புறப்பட்டார். மணிகளின் ஒழுங்கு தெரிந்தால் வடிவம் எது என்று கேட்பதை விடுத்து, இன்ன வடிவம் வேண்டுமானால் மணிகளை எவ்வொழுங்கிலே கோக்கவேண்டும் என்று அவர் கேட்டார். 2003ஆம் ஆண்டிலே, இயற்கை அறியாத மடிப்புடைய ஒரு புரதத்தை அவர் குழு ஆக்கிக் காட்டியது. இம்மூவருக்கும் 2024ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இனிப் பாம்புக்கடிக்கு மீளுவோம். இன்று வைத்தியசாலைகளிற் பயன்படும் நஞ்சுமுறி மருந்து, அடிப்படையில் 1890களிலே தோன்றிய முறையினாலேயே தயாரிக்கப்படுகின்றது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சை ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுப்பதே அம்முறை. எண்ணற்ற உயிர்களைக் காத்த பெருமை அதற்கு உண்டு. ஆயினும் குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியமானது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை விளைவிக்கின்றது. இதனைக் குறைக்கும் வழியை நம் நாட்டு வைத்தியர்களே ஆராய்ந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு இலங்கையில் நடத்தப்பெற்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நஞ்சுமுறி மருந்துக்கு முன்னர் சிறிதளவு அட்ரினலினை ஏற்றினால் கடுமையான ஒவ்வாமை கணிசமாகக் குறைகின்றது என நிறுவிற்று. எனினும், வேறொரு குறை எஞ்சியுள்ளது. இந்தியாவில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படும் மருந்தையே நாம் நம்பியிருக்கின்றோம். நம் நாட்டில் மிகுதியானோரைக் கடிக்கும் நச்சுப் பாம்பாகிய மேடிட்ட மூக்குடைய குழிவிரியனுக்கு அதில் இடமில்லை.

பேக்கர் குழுவினர் செய்தது இதுதான். மூவிரல் நஞ்சின் வடிவம் முன்னமே தெரிந்திருந்தது. அந்த விரல்களைப் பற்றிப் பிடித்து, அவை தசையின் பூட்டை அணுகாதவாறு தடுக்கக்கூடிய சிறு புரதத்தின் உருவைக் கணினி வரைந்தது. அதனை நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கினர். அந்நஞ்சைக் கொல்லும் அளவில் ஏற்றிய எலிகளுக்கு இப்புரதத்தைக் கொடுத்தபோது, நஞ்சின் வகைக்கும் மருந்தின் அளவுக்கும் ஏற்ப 80 தொடக்கம் 100 வீதம் வரையானவை உயிர் பிழைத்தன. இதனைத் தயாரிக்கக் குதிரை வேண்டியதில்லை. வெப்பத்தையும் இது நன்கு தாங்குகின்றது. மின்சாரமும் குளிர்ப்பெட்டியும் எளிதிற் கிடையாத கிராமங்களுக்கு இது எத்துணை நன்மை பயக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் மகிழ்ச்சி மிகுதியால் அவசரப்படலாகாது. எலியிற் கண்ட வெற்றி மனிதனிற் காணும் வெற்றி ஆகாது. அதற்கு இன்னும் பல சோதனைகள் உள. மேலும், சோதிக்கப்பட்டது தனித்தனி நஞ்சுப் புரதமே. பாம்பு கடிக்கும்போது செலுத்துவதோ பல நஞ்சுகளின் கலவை. கட்டுவிரியனின் நஞ்சிலே நரம்பு முனையையே சிதைக்கும் வேறொரு புரதமும் உண்டு. குருதியை உறையவிடாது செய்து சிறுநீரகத்தையும் பழுதாக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சோ முற்றிலும் வேறு இனத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திறப்புச் செய்தாக வேண்டும். கணினி சொல்வது ஓர் ஊகமே; அதனை மெய்ப்பிப்பது ஆய்வுகூடமும், அதன்பின் வைத்தியசாலையுமே.

மாணவர்களும் ஆசிரியர்களும் இவ்வரலாற்றில் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். பெரூட்ஸ் பளிங்கை ஆராய்ந்தபோது பாம்புக் கடியை எண்ணவில்லை. சென்னையிலே கோணங்களைக் கணக்கிட்டவர்களும் நஞ்சுமுறி மருந்தை எண்ணவில்லை. தாம் கண்டதைப் பிழையறக் கண்டு, அதைப் பிறர்க்கும் கொடுத்தனர். சேமிப்பகத்திலுள்ள வடிவங்களை ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியிலே பூட்டி வைத்திருந்தால், கணினிக்குக் கற்பிக்க எதுவும் இருந்திராது. இந்தப் படிப்பினால் உடனடிப் பயன் யாது என்று கேட்டு ஆராய்ச்சிக்குரிய பணத்தை மறுக்க நினைப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

புதிய மருந்து வரும்வரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இயன்றவரை கட்டிலிற் படுங்கள். நிலத்திற் படுப்போர் நுளம்பு வலையைக் கட்டி அதன் ஓரங்களைப் பாயின் கீழே செருகிவிடுங்கள். இரவில் வெளிச்சமின்றி நடவாதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யற்க. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, ஒரு கணமும் தாழ்த்தாது நோயாளியை அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கட்டுவிரியன் கடியிலே பெரும்பாலும் நோவோ வீக்கமோ தெரிவதில்லை. ஆகவே, நோவில்லை என்று எண்ணி விடியுமட்டும் காத்திருக்க வேண்டாம்.