டிவியில் பாம்பாட்டம்: பகிர்ந்தது போதும், புகார் எழுதுங்கள்

தொலைக்காட்சியில் ஒருவர் நல்ல பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்குகிறார். அது படமெடுத்துச் சீறும்வரை ஆட்டுகிறார், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. "இதைக் கேட்க ஆளே இல்லையா?" என்று எழுதி, கோபப்படுகிறவர்களே அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். கேட்க வேண்டிய அலுவலகத்துக்கு மட்டும் கடிதம் போவதில்லை. போகிற சில கடிதங்களும் தப்பான முகவரிக்குப் போகின்றன, அல்லது தப்பான சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பிசுபிசுத்துவிடுகின்றன.

சினிமாவில் விலங்கு வந்தால் வாசலில் நிறுத்திக் கேட்க ஒரு இடம் உண்டு. விலங்குகள் நல வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் தணிக்கைக்குப் போனால் படம் அங்கேயே நின்றுவிடும். 2001ஆம் ஆண்டின் காட்சி விலங்குகள் பதிவு விதிகள் டிவிக்கும்தான் பொருந்தும்; படப்பிடிப்புக்கு முன்பே வாரியத்திடம் அனுமதி வாங்கியாக வேண்டும். ஆனால் டிவி நிகழ்ச்சி தணிக்கைக்குப் போவதில்லை. ஒளிபரப்புக்கு முன் அந்தக் காகிதத்தை எடு என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஒளிபரப்பான பிறகு பார்த்தவர் கேட்டால்தான் உண்டு. "எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை" என்ற ஒரு வரி திரையில் ஓடுவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரியை யார் வேண்டுமானாலும் போடலாம். கையெழுத்தும் முத்திரையும் உள்ள அனுமதிக் கடிதம்தான் சான்று.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று 1998இலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டும் 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மற்ற காட்டு விலங்குகளுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, துரத்துவது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். கல்வி, ஆராய்ச்சி, உயிர்காக்கும் மருந்துக்கு விஷம் எடுப்பது போன்ற சில காரணங்களுக்கு 12ஆம் பிரிவின்படி அனுமதி கிடைக்கும். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறது. பொழுதுபோக்கு என்ற காரணம் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

"நாங்கள் பிடித்துக் காட்டவில்லை, மீட்கிறோம்" என்று சொல்லும் நிகழ்ச்சிகளைத்தான் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். மீட்பு என்றால் கொக்கி, குழாய், பை. பாம்பு தானாகப் பைக்குள் போகும், பையின் வாயைக் கட்டினால் வேலை முடிந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேட்டி கொடுப்பதற்கு அங்கே இடமே இல்லை. வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் பாம்பின் முழு எடையும் முதுகெலும்பின் மெல்லிய கணுக்களில் இறங்குகிறது. பாம்பாட்டியிடம் வாங்கிவந்த பாம்பு என்றால் வாயைப் பாருங்கள். உதடு வீங்கியிருக்கும், ஓரத்தில் தையல் போட்ட தடம் தெரியும், சீறும்போதுகூட வாய் முழுதாகத் திறக்காது. அந்த வாயோடு அது இனி இரை பிடிக்க முடியாது. நிகழ்ச்சி முடியும்போது அதைப் புதரில் விடுவதைக் காட்டிக் கைதட்டுகிறார்கள்.

மனிதருக்கும் ஆபத்துதான். கேரளத்தில் டிவி நிகழ்ச்சியால் புகழ்பெற்ற பாம்புபிடிப்பவர் வாவா சுரேஷ், 2022 ஜனவரியில் கோட்டயம் மாவட்டத்தில் நல்ல பாம்பு கடித்து உயிருக்குப் போராடினார். அனுபவம் உள்ளவருக்கே இந்த நிலை. அவரைப் பார்த்துக் கையை நீட்டும் ஊர்ப் பையன்களை யார் காப்பாற்றுவது? பாம்பு பிடிக்கப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்று கேரள வனத்துறை விதி வைத்திருப்பது இதனால்தான்.

இனி புகாருக்கு வருவோம். முதலில், காட்சியைப் பகிராதீர்கள், பதிவு செய்யுங்கள். சேனல் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள். ஆன்லைனில் இருந்தால் இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், நாளை நீக்கிவிடுவார்கள். என்ன விலங்கு, எந்த ஊர் என்று பேச்சில் வந்தால் அதுவும் வேண்டும்.

கடிதத்தில் எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் எழுதினால், அதன் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அத்தோடு கோப்பை மூடிவிடுவார்கள். காட்டு விலங்கு என்றால் வன உயிரினச் சட்டத்தின் 9, 51 பிரிவுகளை எழுதுங்கள். நல்ல பாம்பு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மறுபடி சொல்கிறேன், வதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

படப்பிடிப்பு நடந்த மாவட்டத்தின் மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம். நகல் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. வெளி மாநிலத்திலிருந்து விலங்கைக் கொண்டுவந்திருப்பதாகச் சந்தேகம் என்றால், வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல். எல்லாமே பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புதலோடு. போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. "பார்க்கிறோம் சார்" என்பார்கள், பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். விலங்குகள் நல வாரியம் இன்னும் திருவான்மியூரில் இருப்பதாக நினைத்தே பலர் எழுதுகிறார்கள். அது 2018இலேயே ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு எழுதுங்கள். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் அனுப்பலாம். கேள்வி நீளமாக வேண்டாம். இன்ன தேதியில் வந்த இன்ன நிகழ்ச்சிக்குப் படப்பிடிப்பு முன் அனுமதி தரப்பட்டதா, தந்திருந்தால் விண்ணப்பம், கால்நடை மருத்துவர் சான்று, அனுமதிக் கடிதம் ஆகியவற்றின் நகல் வேண்டும். அவ்வளவுதான். 30 நாளில் பதில் வர வேண்டும். "அப்படி ஒரு விண்ணப்பம் வரவில்லை" என்று பதில் வந்தால் ஏமாற்றம் வேண்டாம், உங்கள் புகாருக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

சேனலுக்கும் எழுதுங்கள். 2021ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின்படி சேனல் 24 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த 15 நாளைத் தவறவிடாதீர்கள்.

யூடியூப்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகரின் வீட்டைச் சுற்றிக் காட்டிய வீடியோவைப் பார்த்துத்தான் வனத்துறை அங்கிருந்த பெரிய பச்சைக்கிளிகளைப் பறிமுதல் செய்து இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். இகுவானா, மக்காவ் போன்ற வெளிநாட்டு உயிர்களையும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கேமராவை எடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு கடிதங்களுக்கும் வனத்துறை அசையவில்லை என்றால், வன உயிரினச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்கே நீதிமன்றக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குற்றம் இன்னது, நான் நீதிமன்றத்தில் புகார் செய்யப்போகிறேன் என்று அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இதற்கான படிவம் 1995ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. அதை நிரப்பி, சேர்த்துவைத்த ஆதாரங்களின் நகலை இணைத்து, அதே போலப் பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அனுப்புங்கள். 60 நாளில் நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். அன்று நீதிமன்றம் கேட்கப்போகும் முதல் காகிதம் அது சேர்ந்ததற்கான ஒப்புதல், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.