காலநிலை நீதியும் நிலைபேறும்

தருமபுரியினின்று பென்னாகரம் செல்லும் பெருவழியில் இண்டூர் என்னும் ஊர் உளது. அதனைச் சூழ்ந்த நிலங்களிற் பல வானம் பார்த்தவை. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் மழையை நம்பியே ஆங்கு விளைகின்றன. மழை பருவந் தவறின் உழவன் இட்ட வித்தும் அவன் கைக்கு மீளாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிதலால் எழும் கரியமில வாயுவே புவியை வெம்மையுறச் செய்து பருவங்களைப் பிறழ்விக்கின்றது என்பது அறிஞர் துணிபு. அவ்வாயுவை ஆண்டொன்றுக்குத் தலைக்கு ஏறத்தாழ 14 டன் வெளியிடுவோர் அமெரிக்கர். இந்தியரோ ஏறத்தாழ 2 டன்னே. மானாவாரி உழவனின் பங்கு அதனினும் சிறிது. வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் மற்றொருவன், இது முறையோ? இவ்வினாவையே ‘காலநிலை நீதி’ என்பர்.

இதற்குத் தீர்வு கூறுவோர் யாவரும் ‘நிலைபேறு’ என்னும் ஒரே சொல்லை வழங்கினும், அதனை ஒரே பொருளிற் கொண்டாரல்லர். 1987-இல் புருண்ட்லாண்டு அம்மையார் தலைமையில் அமைந்த உலகக் குழு, பின்வருந் தலைமுறையின் தேவைக்கு ஊறின்றி இன்றைய தேவையை நிறைவேற்றலே நிலைபேறான வளர்ச்சி என வகுத்தது. ஆயின், யாருடைய தேவை என்னும் ஐயம் எஞ்சி நின்றது. 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழையின் நெல்வயலினின்று எழும் வாயுவையும் செல்வரின் மோட்டார் வண்டிப் புகையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என வாதித்தனர். மறு ஆண்டு ரியோ மாநாட்டிற் கையொப்பத்திற்கு வைக்கப்பெற்ற உடன்படிக்கையும், பொறுப்பு யாவர்க்கும் பொதுவாயினும் அளவில் வேறுபட்டது என ஒப்பியது.

இவற்றிற்கு நெடுநாள் முன்னரே, தஞ்சையிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1945-இல் நிலைத்த பொருளாதாரத்தைக் குறித்துச் சிறையிலிருந்து ஒரு நூல் எழுதினார். எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரியும் எண்ணெயும் ‘இருப்பு’. ஆற்றுநீரும் காட்டின் வளர்ச்சியும் ‘பெருக்கு’. பெருக்கின் அளவில் வாழ்வதே நிலைக்கும் வாழ்வு என்பது அவர் கருத்தின் சாரம்.

இதனை இண்டூர்ப் பக்கத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். ஏரியில் நிற்கும் மழைநீர் பெருக்கு. ஆழ்துளைக் கிணற்றின் பாறைநீர் பெரும்பாலும் இருப்பே. மழை பொய்க்குந்தோறும் துளை ஆழமாகின்றது. தருமபுரி மாவட்டத்து நிலத்தடிநீரிற் பலவிடத்தும் புளோரைடு மிகுந்திருத்தலால், அதனைப் பருகினோர் பல்லிற் கறையும் எலும்பில் நோவும் எய்தினர். இத்துன்பம் தீர, ஒகேனக்கலினின்று காவிரிநீர் கொணருந் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பெற்றது. அஃது அரிய நன்மையே. ஆயினும் ஜப்பானியக் கடனுதவியால் நிறைவேறியதாதலின், அக்கடனை அடைப்போர் நாமே. புளோரைடு நம் நிலத்துப் பாறையின் இயல்பு. அதன்பொருட்டுப் பிறரைக் குறைகூறுதற்கில்லை. ஆனால் பிறர் புகையால் விளையும் இழப்பிற்கும் ஏழைநாடு இங்ஙனமே கடன்பட நேரின், அது நீதியாமோ? 2022-இல் எகிப்து நாட்டில் நடந்த மாநாட்டில், அத்தகைய இழப்பிற்கென ஒரு நிதியம் நிறுவ உலக நாடுகள் இசைந்தமை இவ்வினாவின் பயனே.

ஆகவே, நிலைபேறு பேசும் எவ்வுரையையும் இரு வினாக்களால் அளத்தல் தகும்: அஃது இருப்பைத் தின்கின்றதோ, பெருக்கில் வாழ்கின்றதோ? அதன் சுமையைத் தாங்குபவர் யாவர்? கல்லூரியிற் பயிலும் நாமும் இண்டூர் உழவனும் ஒரு நாட்டினராயினும், ஒரே அளவில் நுகர்வோர் அல்லோம். அயல்நாட்டாரை நோக்கி எழுப்பும் வினாவை நம்மை நோக்கியும் எழுப்புதல் நம் கடனாம்.