கொல்லையில் கடுகு

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. கடுகின்றித் தாளிதம் இல்லை. எனினும் கொல்லையில் அதை விதைப்போர் நம்மில் அரியர். கடுகு குளிர்காலப் பயிர். ஆகவே ராஜஸ்தானம் முதலிய வடபகுதிகளிலேயே மிகுதியாக விளைகிறது. தாமிரபரணிக் கரையில் அத்தகைய குளிர் இல்லை. ஆயினும் மார்கழி, தைப் பனியைக் கொண்டு வீட்டுத் தேவையில் ஒரு பகுதியை நாமே விளைவித்துக்கொள்ளலாம்.

பிசான நடவு முடிந்து, அடைமழை தணிந்ததும், கார்த்திகைக் கடைசியில் விதைப்பது நலம். வேரில் நீர் தேங்கினால் செடி அழுகும். ஆதலால் மேட்டுப்பாத்தி அவசியம். மக்கிய சாணம் இட்டுக் கொத்திய மண்ணில் ஓரடி இடைவெளியில் கோடு கிழித்து, விதையை மணலுடன் கலந்து, அரை அங்குல ஆழத்தில் தூவ வேண்டும். ஒரு வாரத்திற்குள் முளைக்கும். பின்னர் செடிக்குச் செடி 5 அங்குலம் இருக்குமாறு கலைத்துவிட வேண்டும். பிடுங்கிய நாற்றும் கீரையே. பருப்புடன் கடைந்து உண்ணலாம். இலையை மிகுதியாகப் பறித்தால் காய் குறையும். எனவே கீரைக்கு ஒரு வரிசை, விதைக்கு ஒரு வரிசை என ஒதுக்குவது தக்கது.

பூக்கும் பருவத்தில் அசுவினி மொய்க்கும். தாக்குண்ட நுனிகளைக் கிள்ளி அழித்து, வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். காலையில் தேனீக்கள் வருமாதலால் அப்போது தெளித்தல் ஆகாது. காய்களில் பெரும்பாலானவை மஞ்சளானதும், அவை வெடிக்குமுன், பனி ஈரம் உள்ள விடியலில் அறுத்து உலர்த்தித் தட்டி எடுக்க வேண்டும்.

முழுக் கடுகில் காரம் வெளிப்படுவதில்லை. பச்சையாக நொறுக்கிக் குளிர்ந்த நீர் பட்டால்தான் அது பிறக்கும். வெந்நீர் அதைக் கெடுக்கும். ஊறுகாய்க்கு அரைப்போர் இதை நினைவில் கொள்க.

ஓர் எச்சரிக்கை. நம் தரிசுகளில் முள்ளிலையும் மஞ்சள் பூவுமாக வளரும் பிரமதண்டின் விதை கடுகைப் போலவே கருநிறமானது, ஆனால் நஞ்சு. 1998-இல் டில்லியில் அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு, கால் வீங்கி, இதயம் நலிந்து, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுகு வழுவழுப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெண்மை. ஆகவே பாத்தி ஓரத்தில் அச்செடியைக் கண்டவுடன், காய்க்குமுன் வேரோடு களைய வேண்டும். கடையில் வாங்கும் கடுகிலும் ஒரு பிடி எடுத்து இவ்வாறு சோதித்தல் நன்று.

முதல் விளைச்சலில் திரண்ட மணிகளைச் சாம்பலிட்டுச் சேமித்து, அண்டை அங்கத்தினர்க்கும் ஒரு பிடி அளிப்போமாக. ஒரு பிடி விதை ஒரு தெருவுக்கே போதும்.