ஸ்கேனுக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர் ஒருவர், வயிறு சரியில்லை என்று இரவு சாப்பிடாமல் படுக்கிறார். மாத்திரையை மட்டும் விடவில்லை. காலையில் தட்டி எழுப்பினால் அசைவில்லை; சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. வீட்டார் பக்கவாதம் என்று முடிவுகட்டி, ஸ்கேன் வசதி எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் கை கால் விழும். எடுத்த எடுப்பில் நினைவு முழுதாகப் போவது குறைவு. கோமா என்றால் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரு பக்க மூளையும் ஒருசேர முடங்கியிருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, சிறுநீரக, கல்லீரல் செயலிழப்பு, மூளைக்காய்ச்சல், விஷம் என்று காரணங்கள் பல. நொடிகளில் கண்டுபிடித்து நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது தாழ்சர்க்கரை. அதனால்தான் மூச்சையும் நாடியையும் கவனிக்கும்போதே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே தாழ்நிலை. 40-க்குக் கீழே நினைவு தப்பலாம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில் ஏறியதும் பலர் கண் விழித்துவிடுவார்கள். உடனே வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் தவறு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, சர்க்கரையை மறுபடி இறக்கும். ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

சர்க்கரை சரியாக இருந்தால் டார்ச் பேசும். ஒரு கண்பாவை மட்டும் விரிந்து நின்றால் மண்டைக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். இங்கே ஸ்கேன் ஓட்டம் நியாயமானது. இரண்டும் குண்டூசி முனையாகச் சுருங்கி வாயில் நுரை தள்ளினால் பூச்சிமருந்தைச் சந்தேகித்து அட்ரோபின் போடுவார்கள்.

ஏமாற்றுவது கட்டுவிரியன். இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, கடிவாய்கூடத் தெரியாமல் போகும். இமை தொங்கி, உடல் முழுதும் செயலிழந்து, கண்பாவையும் விரிந்து மூளைச்சாவு போலவே தோன்றும். ஆனால் கிடப்பவருக்கு நினைவு இருக்கலாம், பக்கத்தில் அழுவதும் கேட்கலாம். விஷமுறிவு மருந்தோடு வென்டிலேட்டரில் மூச்சைக் காத்தால் பிழைத்து எழுகிறார்கள். அவசரப்பட்டுக் கைவிடக் கூடாத கேஸ் இது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். தலையில் அடிபட்டிருந்தால் கழுத்தைத் திருப்பக் கூடாது. சோடா, சர்க்கரைத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து, பையில் போட்டுக்கொள்ளுங்கள்.